இந்தியக் கருக்கலைப்புச் சட்டமும் நீதிமன்றங்களும்

இந்தியாவில் கருக்கலைப்பு அடிப்படையில் ஒரு குற்றமாகவே சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. பெண்ணின் உயிரைக் காக்கும் நோக்கம் இல்லாமல் கருவைக் கலைப்பது, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியதாக இருந்தது. கருவைத் தானே கலைத்துக்கொண்ட பெண்ணும் இதிலிருந்து தப்ப முடியாது. தற்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆம் பிரிவும் இதையே தொடர்கிறது. 1971ஆம் ஆண்டின் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் இக்குற்றத்துக்குச் சில விலக்குகளை அளித்தது. அந்த விலக்குகள் யாருக்கு, எத்தனை வாரம் வரை பொருந்தும் என்பதே நீதிமன்றங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்த கேள்வி.

சாந்திலால் ஷா குழுவின் பரிந்துரையை ஒட்டி இயற்றப்பட்ட அச்சட்டம், 12 வாரம் வரை ஒரு மருத்துவரும், 20 வாரம் வரை இரு மருத்துவர்களும் ஒப்பினால் கருவைக் கலைக்கலாம் என்றது. அதற்குப் பிறகு பெண்ணின் உயிரைக் காக்க மட்டுமே அனுமதி. கருத்தடை முறை தோற்றதைக் காரணமாகக் காட்டும் வசதி மணமான பெண்ணுக்கே இருந்தது. முடிவெடுப்பவர் மருத்துவரே, பெண் சம்மதம் தருபவர் மட்டுமே.

20 வார எல்லையில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. கருவின் உறுப்புக் குறைபாடுகளைக் காட்டும் ஸ்கேன் பெரும்பாலும் 18 முதல் 20 வாரங்களில்தான் எடுக்கப்படுகிறது. குறைபாடு தெரியவரும்போது காலம் முடிந்துவிடும். 2008இல் மும்பையில் ஒரு தம்பதியர், கருவுக்கு இதயக் கோளாறு இருப்பது தெரிந்து 24ஆவது வாரத்தை ஒட்டி உயர் நீதிமன்றத்தை அணுகினர். சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை என்று கூறி நீதிமன்றம் அனுமதி மறுத்தது.

அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் வேறொரு கோணத்தில் பேசியது. சண்டிகரில் அரசுக் காப்பகத்தில் இருந்த, மனவளர்ச்சி குன்றிய ஒரு பெண் வன்புணர்வால் கருவுற்றிருந்தார். அவர் குழந்தையைப் பெற விரும்பினார். உயர் நீதிமன்றமோ கருவைக் கலைக்க உத்தரவிட்டிருந்தது. உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தியது. பிள்ளை பெறுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது, அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் தனிமனித உரிமையின் பகுதி என்றது. கருக்கலைப்பு உரிமைக்கு இன்று மேற்கோள் காட்டப்படும் இத்தீர்ப்பு, ஒரு பெண் தன் கருவைக் காத்துக்கொள்வதற்காக வழங்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

2016 முதல், 20 வாரம் கடந்த பல பெண்களுக்கு உச்ச நீதிமன்றம் மருத்துவக் குழுவின் அறிக்கையைப் பெற்றுத் தனித்தனியே அனுமதி வழங்கியது. எல்லோருக்கும் கிடைக்கவில்லை. 2017இல் வன்புணர்வுக்கு ஆளான 10 வயதுச் சிறுமிக்கு, கரு 32 வாரத்தை எட்டிவிட்டதால் மறுக்கப்பட்டது.

நீதிமன்றங்களில் குவிந்த இம்மனுக்களுக்குப் பிறகு 2021இல் சட்டம் திருத்தப்பட்டது. குறிப்பிட்ட சில பிரிவினருக்கு எல்லை 24 வாரமானது. கருவில் கடும் குறைபாடு இருப்பதாக மருத்துவ வாரியம் கண்டறிந்தால் வார எல்லை இல்லை. 'கணவர்' என்ற சொல் 'துணைவர்' என மாறியது. ஆனால் 24 வாரச் சலுகைக்கான விதியில் விதவையரும் மணவிலக்கு பெற்றவரும் இருந்தனர். மணமாகாதவர் பற்றிப் பேச்சில்லை.

அந்த இடைவெளியை 2022இல் ஒரு 25 வயதுப் பெண்ணின் மனு வெளிக்கொணர்ந்தது. துணைவர் திருமணத்துக்கு மறுத்துவிட்டதால் அவர் கருவைக் கலைக்கக் கோரினார். டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்தது. உச்ச நீதிமன்றம் ஜூலையில் இடைக்கால அனுமதி தந்து, செப்டம்பர் 29 அன்று விரிவான தீர்ப்பை வழங்கியது. நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு, மணமானவர் மணமாகாதவர் என்ற வேறுபாடு சமத்துவ உரிமைக்கு எதிரானது என்றது. கருக்கலைப்புச் சட்டத்தின் தேவைக்கு மட்டும், கணவரின் வன்புணர்வும் வன்புணர்வே என்றது. நாடாளுமன்றத்தில் ஒரு சொல்லும் மாறாமல், விதியின் பொருள் மாறியது.

இந்த விரிவாக்கத்துக்கு எல்லை உண்டு என்பது 2023 அக்டோபரில் தெரிந்தது. இரு குழந்தைகளின் தாய் ஒருவர் பேற்றுக்குப் பிந்தைய மனநோயைக் காரணம் காட்டி, 26 வாரக் கருவைக் கலைக்கக் கோரினார். 9ஆம் தேதி அனுமதி கிடைத்தது. 11ஆம் தேதி இரு நீதிபதிகளும் முரண்பட்டனர். 16ஆம் தேதி சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வே மறுத்தது. 24 வாரம் கடந்துவிட்டது, தாயின் உயிருக்கு உடனடி ஆபத்தில்லை, கருவில் குறைபாடும் இல்லை என்பவை காரணங்கள்.

சட்டத்தின் வரம்புக்குள் வருபவர்களும் சில வேளைகளில் நீதிமன்றத்துக்கு அனுப்பப்படுகிறார்கள். வழக்கு வந்துவிடுமோ என்ற மருத்துவர்களின் அச்சமே இதற்குப் பெரிய காரணம். இதில் கழியும் ஒவ்வொரு நாளும் கருவின் வயதில் கூடுகிறது. 2024இல் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த 14 வயதுச் சிறுமிக்கு மும்பை உயர் நீதிமன்றம் ஏப்ரல் 4 அன்று அனுமதி மறுத்தது. உச்ச நீதிமன்றம் ஏப்ரல் 22 அன்று அனுமதித்தது. அதற்குள் கரு 30 வாரத்தை நெருங்கியிருந்தது. சிறுமியின் உடல்நலத்தை நினைத்துப் பெற்றோர் பின்வாங்கவே, ஒரே வாரத்தில் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.