தொங்கும் இமையும் துவண்ட முயலும்

ஒரு சின்ன வேலை செய்யுங்கள். தலையை அசைக்காமல், கண்ணை மட்டும் உயர்த்தி, கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பாருங்கள். பார்வையை இறக்கக் கூடாது. அறுபது எண்ணும் வரை அப்படியே இருங்கள். கண் கொஞ்சம் உறுத்தும், நீர் கோக்கும். ஆனால் இமை கீழே இறங்காது.

மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோய் உள்ளவர் இதையே செய்தால், எண்ணி முடிப்பதற்குள் இமை மெல்ல மெல்லச் சரிந்து பாதிக் கண்ணை மூடிவிடும். நரம்பு மருத்துவர்கள் இன்றைக்கும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கிறார்கள். இன்னொன்றும் செய்வார்கள். தொங்கிய இமைமேல் துணியில் சுற்றிய ஐஸ்கட்டியை இரண்டு நிமிடம் வைத்து எடுப்பார்கள். பலருக்கு இமை மேலே ஏறிவிடும்! ஐஸுக்கும் இமைக்கும் என்ன சம்பந்தம்? பொறுங்கள், அதற்கு வருவோம்.

இந்த நோயின் குணமே விசித்திரமானது. காலையில் எழுந்தால் கை கால் நன்றாக இருக்கும். தலைவாரப் பத்துமுறை கையைத் தூக்கினால் பதினோராவது முறை கை தூக்க வராது. மதியம் பாதிச் சோறு மென்றதும் தாடை ஓய்ந்துபோகும். மாலையில் ஒரு விளக்கு இரண்டாகத் தெரியும். நிறையப் பேசினால் குரல் மூக்கால் வரும். கொஞ்ச நேரம் படுத்து எழுந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. அதனால் கூட இருப்பவர்களே ‘சோம்பல்’ என்றும் ‘நடிப்பு’ என்றும் சொல்லிவிடுகிறார்கள். நோயை விட அந்தச் சொல் கூடுதலாக வலிக்கும்.

தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், பேசப் பேசக் குரல் போய்விடும் ஒரு பெண்ணைப் பற்றி 1672இலேயே எழுதி வைத்தார். ஓரிரு மணி நேரம் ஓய்வெடுத்தால் அவருக்குக் குரல் திரும்புமாம். அந்த நோய்க்கு என்ன காரணம் என்று தெளிவாகத் தெரிய, அதன்பின் முந்நூறு ஆண்டுகள் ஆயின.

காரணம் புரிய, நம் உடலுக்குள் ஓடும் ஒரு குட்டி ஆற்றைப் பார்க்க வேண்டும். ‘கையைத் தூக்கு’ என்ற மூளையின் கட்டளை நரம்பு வழியே மின்சாரமாக ஓடி வருகிறது. ஆனால் நரம்பின் நுனி தசையைத் தொடுவதில்லை. நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. அதன் அகலம் சுமார் 50 நானோமீட்டர், அதாவது உங்கள் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதை மின்சாரத்தால் தாண்ட முடியாது. ஆகவே நரம்பு நுனி, அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை அந்த இடைவெளியில் கொட்டுகிறது.

ஒகேனக்கல்லில் பரிசல் பார்த்திருப்பீர்கள். இந்த இடைவெளியைக் காவிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அசிட்டைல்கோலின்தான் பரிசல். அக்கரையில், அதாவது தசையின் மேல், வரிசை வரிசையாகப் படித்துறைகள் உண்டு. அவற்றை அறிவியலில் ‘ஏற்பி’ என்பார்கள். பரிசல்கள் படித்துறைகளில் ஒதுங்கியதும் தசைக்குள் போகும் கதவுகள் திறக்கும், சோடியம் அயனிகள் பாயும், தசை சுருங்கும். அடுத்த கட்டளை வருவதற்குள் ஆறு காலியாக வேண்டுமே! அதற்காகக் கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அங்கே காவல் இருக்கிறது. வந்த பரிசல்களை நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குள் பிரித்துப் போட்டுவிடும். நீங்கள் இந்த வரியைப் படிக்கக் கண்ணை நகர்த்துகிறீர்கள் அல்லவா? அதற்குள் இது எத்தனையோ முறை நடந்து முடிந்துவிட்டது.

இந்த ஆற்றின் கதையை முதலில் சொன்னது ஒரு விஷம். தென் அமெரிக்கக் காட்டு மக்கள் வேட்டை அம்பின் நுனியில் குராரே என்ற செடிச்சாற்றைத் தடவுவார்கள். அம்பு பட்ட விலங்கு துவண்டு விழும், ஆனால் இதயம் துடித்துக்கொண்டே இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிளாட் பெர்னார் என்ற பிரெஞ்சு அறிவியலாளர் இதைத் தவளையில் சோதித்தார். குராரே ஏறிய தவளையின் நரம்பைத் தூண்டினால் கால் அசையவில்லை. தசையை நேராகத் தூண்டினால் அசைந்தது. தசையிடம் குறை இல்லை, நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில்தான் தடை. குராரே என்பது படித்துறையில் வந்து இடம் பிடித்துக்கொள்ளும் அந்நியப் படகு.

இனி லண்டனுக்கு வருவோம். கிரீனிச்சில் செயின்ட் ஆல்ஃபெஜ் என்று ஒரு மருத்துவமனை இருந்தது. ஏழை எளியவர்கள் வந்து சேரும் இடம். அங்கே மேரி வாக்கர் என்ற டாக்டர் வேலை பார்த்தார். ஸ்காட்லாந்துக்காரர். பேராசிரியர் இல்லை, பெரிய ஆய்வுக்கூடமும் அவருக்குக் கிடையாது. அவரிடம் 56 வயதுப் பெண்மணி ஒருவர் இந்த நோயோடு இருந்தார். அந்த மருத்துவமனைக்கு வந்த நரம்பு நிபுணர் ஒருவர், இந்த நோய் குராரே விஷம் ஏறியதைப் போலவே இருக்கிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். மேரி வாக்கர் அந்த ஒரு வாக்கியத்தை விடவில்லை. குராரேயைப் போல இருக்கிறது என்றால், குராரேக்கு மாற்று மருந்து இதற்கும் உதவலாம் அல்லவா?

அந்த மாற்று, பைசோஸ்டிக்மின். அதுவும் ஒரு விஷந்தான்! மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய நைஜீரியாவின் கலபார் பகுதியில் விளையும் ஓர் அவரைக்கொட்டையில் இருப்பது. குற்றம் சாட்டப்பட்டவரை அந்தக் கொட்டையைத் தின்னவைத்து, பிழைத்தால் நிரபராதி, செத்தால் குற்றவாளி என்று அங்கே தீர்ப்புச் சொல்லும் வழக்கம் இருந்தது. அந்த விஷம் என்ன செய்கிறது? ஆற்றைக் காலி செய்யும் காவல் நொதியைக் கட்டிப்போடுகிறது. அளவு மீறினால் ஆள் போய்விடுவார். அளந்து கொடுத்தால், பரிசல்கள் சீக்கிரம் அழியாமல் ஆற்றில் கூடுதல் நேரம் மிதக்கும். படித்துறை தேடக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.

மேரி வாக்கர் ஊசி போட்டார். அந்தப் பெண்மணியின் தொங்கிய இமை மேலே ஏறியது. கைகளுக்கு வலு வந்தது, விழுங்குவது எளிதானது. சில மணி நேரத்தில் பழையபடி தளர்ந்துவிட்டார், மறுபடி ஊசி போட்டால் மறுபடி எழுந்தார். 1934 ஜூன் மாதம் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு சின்னக் கடிதமாக இதை வெளியிட்டார். அவர் அளவுக்குக் கவனித்துக் கேட்டவர்கள் மருத்துவ வரலாற்றில் குறைவு என்றே நான் நினைக்கிறேன்.

ஐஸ் ஏன் வேலை செய்கிறது என்று இப்போது ஊகித்திருப்பீர்கள். குளிரில் அந்தக் காவல் நொதியின் வேகம் குறைகிறது. பரிசல்கள் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கின்றன.

மருந்தைச் சரியான இடத்துக்கு அனுப்புவது எப்படி என்பதும் இந்தக் கதையிலேயே இருக்கிறது. நம் மூளையில் உள்ள ரத்தக்குழாய்களின் சுவர் மிகவும் நெருக்கமானது. கண்டதையும் உள்ளே விடாது. பைசோஸ்டிக்மின் அந்தச் சுவரைத் தாண்டி மூளைக்குள் போய்விடும், அங்கேயும் அசிட்டைல்கோலின் வேலை செய்வதால் தேவையில்லாத குழப்பம் வரும். நியோஸ்டிக்மின் என்ற உறவுக்கார மருந்து மின்னேற்றம் உள்ளது. கொழுப்பாலான அந்தச் சுவரைத் தாண்ட அதனால் முடியாது. தசைக்குப் போகும், மூளையைத் தொந்தரவு செய்யாது. 1935இல் மேரி வாக்கரே அதையும் பயன்படுத்திக் காட்டினார். இன்று நோயாளிகள் விழுங்கும் பிரிடோஸ்டிக்மின் மாத்திரை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். குடலிலும் இதே பரிசல்கள் ஓடுவதால் சிலருக்கு வயிற்றைப் பிசையும்.

ஆனால் அடிப்படைக் கேள்வி அப்படியே நின்றது. ஆற்றில் என்னதான் கோளாறு? பரிசல் குறைவா, படித்துறை குறைவா?

1960இல் ஜான் சிம்ப்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் ஒரு துணிச்சலான யோசனை சொன்னார். இந்த நோயுள்ள தாய்மார்களுக்குப் பிறக்கும் குழந்தைகளில் சிலருக்குப் பிறந்ததும் அதே பலவீனம் இருக்கும், சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அப்படியென்றால் தாயின் ரத்தத்திலிருந்து ஏதோ ஒன்று குழந்தைக்குப் போய், பிறகு தீர்ந்துபோகிறது. அது எதிர்ப்பொருளாக இருக்கலாம் என்றார் அவர். எதிர்ப்பொருள் என்பது கிருமியைப் பிடிக்க நம் உடல் செய்யும் புரதம். அது ஆள் மாறி, சொந்தத் தசையையே தாக்கினால்? இப்படி வரும் நோய்களைத் தன்னுடல் தாக்கு நோய்கள் என்கிறோம். சிம்ப்சனிடம் யோசனை இருந்தது, சான்று இல்லை. படித்துறையை யாருமே அதுவரை பிரித்தெடுத்துப் பார்த்ததில்லை.

அதற்கு உதவியவை ஒரு பாம்பும் ஒரு மீனும்.

நம் ஊர்க் கட்டுவிரியனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இரவில் தரையில் தூங்குபவரைக் கடித்தால் வலிகூடப் பெரிதாகத் தெரியாது. சில மணி நேரத்தில் இமை தொங்கும், கண் திறக்க வராது, பிறகு மூச்சுத் தசைகளும் ஓயும். (பாம்பு கடித்துவிட்டது என்ற சந்தேகம் வந்தால்கூட ஒரு நிமிடமும் வீணாக்காமல் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.) இதன் உறவுப் பாம்பு ஒன்று தைவானில் உண்டு. கறுப்பு வெள்ளைப் பட்டை போட்டது. தைவான் தேசியப் பல்கலைக்கழகத்தில் சாங், லீ என்ற இருவர் 1963இல் அதன் விஷத்திலிருந்து ஒரு நச்சைப் பிரித்தார்கள். அது படித்துறையில் ஒதுங்கினால் குராரேயைப் போல விலகாது. கயிற்றைக் கட்டி முடிச்சும் போட்டுவிடும். எங்கே படித்துறை இருக்கிறது என்று தேட இதைவிட நல்ல அடையாளம் வேண்டுமா?

தேடுவதற்கு ஏற்ற விலங்கு, தென் அமெரிக்க ஆறுகளில் வாழும் மின்விலாங்கு. 600 வோல்ட்டுக்கு மேலும் அதிர்ச்சி கொடுக்க வல்லது. அந்த மின்சாரத்தை உண்டாக்கும் செல்கள் உண்மையில் உருமாறிய தசைச் செல்கள்! பலகாரத் தட்டு அடுக்கியதுபோல் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றின் ஒரு பக்கத்தில் படித்துறைகள் ஏராளம். பாம்பு நச்சைத் தூண்டிலாகப் போட்டு, மின்விலாங்கிலிருந்து ஏற்பியைப் பிரித்து எடுத்துவிட்டார்கள்.

கலிபோர்னியாவில் சால்க் ஆய்வு நிறுவனத்தில் ஜிம் பேட்ரிக், ஜான் லின்ட்ஸ்ட்ராம் என்ற இருவர், அந்த ஏற்பியை முயல்களுக்கு ஊசியாகப் போட்டார்கள். அவர்கள் நோயைத் தேடவில்லை. அந்நியப் புரதம் உள்ளே போனால் முயலின் உடல் எதிர்ப்பொருள் செய்யும், அதை எடுத்து வேறு சோதனைக்குப் பயன்படுத்தலாம் என்பதுதான் திட்டம். அடுத்தடுத்து ஊசி போட்ட பிறகு ஒருநாள் முயல்கள் துவண்டுபோயின. தலையைத் தூக்க முடியவில்லை. கூண்டின் தரையில் துணிபோலக் கிடந்தன.

வேறு யாராவது என்றால் ‘ஊசியில் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது’ என்று தூக்கிப் போட்டிருப்பார்கள். இவர்கள் மனித நோயாளிகளுக்குக் கொடுக்கும் அந்த மருந்து வகையையே முயலுக்குக் கொடுத்தார்கள். முயல் எழுந்துகொண்டது.

மின்விலாங்கின் படித்துறையும் முயலின் படித்துறையும் ஏறக்குறைய ஒரே அமைப்பு. மின்விலாங்கின் ஏற்பியைத் தாக்கச் செய்த எதிர்ப்பொருள், முயலின் சொந்த ஏற்பியையும் தாக்கிவிட்டது. 1973 மே மாதம் ‘சயின்ஸ்’ இதழில் இது வந்தது. அதே ஆண்டு அதே இதழில் அமெரிக்காவைச் சேர்ந்த ஃபாம்ப்ரோ, டிராக்மன், சத்தியமூர்த்தி மூவரும், தைவான் பாம்பின் நச்சில் கதிரியக்க அயோடினை ஒட்டி நோயாளிகளின் தசையில் படித்துறைகளை எண்ணிச் சொன்னார்கள். இயல்பான எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 1975இல் நோயாளிகளின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருளை எலிகளுக்குப் போட்டதும் எலிகளுக்கும் பலவீனம் வந்தது. சிம்ப்சன் சொன்னது சரி என்று நிரூபணமாயிற்று.

வேலை செய்யச் செய்ய ஏன் தளர்கிறது என்பதும் இதில் விளங்கும். ஒரே தசையைத் திரும்பத் திரும்ப அசைத்தால் நரம்பு அனுப்பும் பரிசல்கள் தடவைக்குத் தடவை கொஞ்சம் குறையும். உங்களுக்கும் எனக்கும் படித்துறைகள் ஏராளம், அதனால் அந்தக் குறை தெரிவதில்லை. படித்துறையே பாதிக்கும் கீழே என்றால், நாலு பரிசல் குறைந்தாலும் தசை நின்றுவிடும். ஓய்வெடுத்தால் கரையில் பரிசல்கள் மறுபடி சேரும்.

இன்று எதிர்ப்பொருளைக் குறைக்கப் பல வழிகள் உண்டு. ரத்தத்தின் நீர்ப்பகுதியை எடுத்துவிட்டு மாற்று நீர்மம் ஏற்றலாம். நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியை எடுத்தால் பலருக்கு நோய் தணிகிறது. எனக்கு மிகவும் பிடித்தது புதிய வழி ஒன்று. எதிர்ப்பொருள்கள் சிதையாமல் காப்பாற்றி மறுபடி ரத்தத்தில் விடும் ஒரு புரதம் நம் செல்களில் இருக்கிறது. நீங்கள் அம்மாவின் வயிற்றில் இருந்தபோது அம்மாவின் எதிர்ப்பொருள்களை உங்களுக்குக் கடத்தித் தந்ததும் அதே புரதந்தான். எஃப்கார்டிஜிமோட் என்ற மருந்து அந்தப் புரதத்தின் கையைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. எதிர்ப்பொருள்கள் காப்பாற்றப்படாமல் சிதைகின்றன. 2021 டிசம்பரில் அமெரிக்கா இதற்கு அனுமதி கொடுத்தது. கெட்ட எதிர்ப்பொருளோடு நல்லதும் குறையும் என்பதால் தொற்று வராமல் கவனமாக இருக்க வேண்டும். தாக்கும் எதிர்ப்பொருளை மட்டும் பொறுக்கி எடுக்கும் மருந்து இன்னும் வரவில்லை. உங்களில் யாராவது அதைச் செய்யலாம்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். வகுப்பிலோ வீட்டிலோ யாருக்காவது பொழுது ஏற ஏற இமை தொங்கினால், மெல்லவும் பேசவும் சிரமப்பட்டால், கேலி செய்யாதீர்கள். பெரியவர்களிடம் சொல்லி நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப்போகச் சொல்லுங்கள்.