40 நிமிடத்தில் தலையெழுத்து! புதிர் போட்டுப் பழகும் பட்டதாரிகள்

வட்ட மேஜையைச் சுற்றி எட்டுப் பேர். டாக்டருக்கு எதிரே வக்கீல். வக்கீலுக்கு வலப்பக்கம் யார்?

கல்யாணப் பந்தித் தகராறு அல்ல இது! ஐ.ஐ.எம். நிறுவனங்களில் சேர எழுதும் "கேட்" நுழைவுத் தேர்வில் இந்த ரகப் புதிர்கள்தான் மாணவர்களை ஆட்டிப் படைக்கின்றன. 2011-ல் தொடங்கிய திருச்சி ஐ.ஐ.எம்.முக்கும் இதே தேர்வுதான்.

ஒன்று போனால் எல்லாம் போச்சு

ஆங்கிலம், புள்ளிவிவரமும் புதிரும், கணக்கு என 3 பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். நேரம் முடிந்ததும் கம்ப்யூட்டர் அடுத்த பகுதிக்குத் தாவிவிடும். திரும்பிப் போக முடியாது.

கணக்கில் புலியாக இருந்தாலும், புதிர்ப் பகுதியில் குறைந்தபட்ச அளவைத் தாண்டாவிட்டால் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வராது.

2024-ல் இந்தப் பகுதியில் 5 தொகுப்பு, 22 கேள்விகள். தொடக்கத்தில் ஒரு ஆளை இடம் மாற்றி உட்கார வைத்தால் அந்தத் தொகுப்பே கோவிந்தா! சரியான விடைக்கு 3 மார்க். கொடுத்த விடைகளில் தவறானதைத் தேர்ந்தெடுத்தால் 1 மார்க் வெட்டு. விடையை டைப் அடிக்கும் கேள்விகளுக்கு வெட்டு இல்லை.

விடவும் தெரியணும்

பழைய வினாத்தாள்களை மலைபோல் போட்டுத் தள்ளினால் மட்டும் போதாது. தப்பான புதிரை, விடையைப் பார்க்காமல் ஒரு வாரம் கழித்து மறுபடி போட வேண்டும். எந்த வரியில் சறுக்கினோம் என்பது அப்போதுதான் பிடிபடும்.

கடிகாரம் வைத்துப் பழகுவதும் முக்கியம். முதல் 5 நிமிடம் எல்லாத் தொகுப்பையும் படித்துப் பார்த்து, சிக்கலானதை ஒதுக்க வேண்டும். ஒரே புதிரோடு மல்லுக்கட்டினால் மற்ற நான்கும் போச்சு.

தேர்வு நவம்பரில். வீட்டில் எழுதும் பிள்ளை இருந்தால் இப்போதே கடிகாரத்தை எடுத்துக் கொடுங்கள்!