ஹைப்பர்ஸ்தீன்

ஹைப்பர்ஸ்தீன் என்பது இரும்பும் மக்னீசியமும் கலந்த ஒரு சிலிக்கேட்டுக் கனிமம் ஆகும். இது பைராக்சீன் குழுவைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் பரவலாகக் காணப்படும் சார்னோக்கைட்டு என்னும் கருங்கல்லுக்கு அடையாளமாக விளங்கும் கனிமம் இதுவே. எனினும், 1988 ஆம் ஆண்டு முதல் ஹைப்பர்ஸ்தீன் முறையான கனிமப் பெயராகக் கொள்ளப்படுவதில்லை. பழைய பாடநூல்கள் ஹைப்பர்ஸ்தீன் என்று கூறும் அதே கனிமத்தைப் புதிய நூல்கள் என்ஸ்டட்டைட்டு அல்லது ஃபெரோசிலைட்டு என்று குறிப்பிடுகின்றன.

பெயர்

பிரெஞ்சுக் கனிமவியலாளர் ரெனே ஜஸ்ட் ஹாயி 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பெயரை இட்டார். கிரேக்க மொழியில் 'ஹைப்பர்' என்பது மேல் என்றும் 'ஸ்தெனோஸ்' என்பது வலிமை என்றும் பொருள்படும். இதனோடு குழப்பிக்கொள்ளப்பட்ட ஹார்ன்பிளெண்டு என்ற கனிமத்தைவிட இது கடினமானது என்பதே பெயருக்குக் காரணம்.

அமைப்பும் பண்புகளும்

ஒரு சிலிக்கன் அணுவைச் சுற்றி நான்கு ஆக்சிசன் அணுக்கள் அமைந்த நான்முகிகள், இரண்டு மூலைகளைப் பகிர்ந்துகொண்டு நீண்ட ஒற்றைச் சங்கிலிகளாகத் தொடுக்கப்பட்டுள்ளன. சங்கிலிகளுக்கு இடையே உலோக அணுக்கள் அமர்வதற்கு இருவகை இடங்கள் உள்ளன. இரும்பும் மக்னீசியமும் ஏறத்தாழ ஒத்த பருமன் உடையவை என்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று எந்த விகிதத்திலும் அமர முடியும். இத்தகைய கலவை திண்மக்கரைசல் எனப்படுகிறது. இரண்டில் சற்றுப் பெரிய இடத்தையே இரும்பு விரும்புகிறது.

இக்கனிமம் செஞ்சாய்சதுரப் படிகத்தொகுதியைச் சேர்ந்தது. மோவின் அளவுகோலில் இதன் கடினத்தன்மை 5 முதல் 6 வரை ஆகும். நிறம் பழுப்பு, கரும்பச்சை அல்லது கருமை. சில படிகங்களில் வெண்கலம் போன்ற மிளிர்வு தோன்றும். உள்ளே அடுக்காகப் பதிந்துள்ள நுண்ணிய இரும்பு ஆக்சைடுத் தகடுகளே இதற்குக் காரணம். பிளவுத்தளங்கள் இரண்டும் ஏறத்தாழ செங்கோணத்தில் வெட்டிக்கொள்கின்றன. ஹார்ன்பிளெண்டில் இக்கோணம் சுமார் 56 பாகையும் 124 பாகையும் ஆகும். இவ்வேறுபாடு ஒன்றே இரண்டையும் பிரித்தறியப் போதுமானது.

இரும்பு மிகுந்தால் அடர்த்தியும் மிகும். மக்னீசியம் மட்டுமே உள்ள என்ஸ்டட்டைட்டின் ஒப்படர்த்தி சுமார் 3.2, இரும்பு மட்டுமே உள்ள ஃபெரோசிலைட்டின் ஒப்படர்த்தி சுமார் 4.0. தூய ஃபெரோசிலைட்டின் எடையில் 54 விழுக்காட்டுக்கும் மேல் இரும்பு ஆக்சைடே. ஆனால் அத்தகைய தூய கனிமம் குறைந்த அழுத்தத்தில் நிலைத்திருப்பதில்லை. ஃபயலைட்டு, குவார்ட்சு என இரண்டாகப் பிரிந்துவிடும்.

0.03 மில்லிமீட்டர் தடிப்புள்ள சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் ஹைப்பர்ஸ்தீனை எளிதில் அறியலாம். முனைவாக்கிய ஒளியில் மேடையைச் சுழற்றும்போது இது இளஞ்சிவப்பிலிருந்து வெளிர்பச்சைக்கு நிறம் மாறும்.

வகைப்பாடு

பழைய முறையில் இத்தொடர் இரும்பின் பங்கைக் கொண்டு ஆறாகப் பிரிக்கப்பட்டது. 10 விழுக்காடு வரை என்ஸ்டட்டைட்டு, 30 வரை பிரான்சைட்டு, 50 வரை ஹைப்பர்ஸ்தீன், 70 வரை ஃபெரோஹைப்பர்ஸ்தீன், 90 வரை யூலைட்டு, அதற்கு மேல் ஆர்த்தோஃபெரோசிலைட்டு. இவ்வெல்லைகள் எதிலும் படிக அமைப்பு மாறுவதில்லை. அவை வசதிக்காக வரைந்த கோடுகளே. எல்லோரும் ஒரே கோட்டைப் பின்பற்றவும் இல்லை. 'எல்' வகைக் கோண்ட்ரைட்டு விண்கற்கள் நெடுங்காலம் ஹைப்பர்ஸ்தீன் கோண்ட்ரைட்டுகள் எனப்பட்டன. அவற்றின் பைராக்சீனில் இரும்பின் பங்கு 20 விழுக்காட்டை ஒட்டியதே. மேற்கண்ட முறைப்படி அது பிரான்சைட்டு.

1988 இல் பன்னாட்டுக் கனிமவியல் சங்கம் பைராக்சீன்களுக்கு 20 பெயர்களை மட்டும் ஏற்று, 105 பெயர்களை நீக்கியது. மக்னீசியம் பாதிக்கு மேல் இருந்தால் என்ஸ்டட்டைட்டு, இரும்பு பாதிக்கு மேல் இருந்தால் ஃபெரோசிலைட்டு என்பதே இன்றைய விதி. இதிலும் ஒரு சங்கடம் உண்டு. சார்னோக்கைட்டுகளில் உள்ள கனிமம் பெரும்பாலும் இந்த நடுக்கோட்டை ஒட்டியே அமைகிறது. அதனால் ஒரே கல்குவாரியில் அடுத்தடுத்த பட்டைகளில் உள்ள, கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும் படிகங்கள் இரு வேறு பெயர்களைப் பெறக்கூடும். பாறையியலாளர்கள் பலர் இன்றும் ஹைப்பர்ஸ்தீன் என்றே எழுதுவது வெறும் பழக்கத்தால் மட்டும் அன்று.

சார்னோக்கைட்டில்

1893 இல் தாமஸ் ஹென்றி ஹாலந்து, சென்னையை அடுத்த பரங்கிமலை, பல்லாவரம் பகுதிப் பாறையைச் சார்னோக்கைட்டு எனப் பெயரிட்டார். கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இவ்வகைப் பாறையால் ஆனது. குவார்ட்சு, ஃபெல்ட்ஸ்பார் ஆகியவற்றுடன் ஹைப்பர்ஸ்தீனும் இருப்பதே ஹாலந்தின் வரையறையின் மையம்.

பயோட்டைட்டு என்னும் கருமைக்காவும் குவார்ட்சும் 700 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வினைபுரிந்து ஹைப்பர்ஸ்தீனும் பொட்டாசிய ஃபெல்ட்ஸ்பாரும் உண்டாகின்றன, நீர் வெளியேறுகிறது. கர்நாடகத்தின் கப்பல்துர்காவில் இம்மாற்றம் பாதியில் நின்றுபோன பாறைகளை சி. எஸ். பிச்சமுத்து 1960 இல் விவரித்தார்.

அருப்புக்கோட்டை வட்டாரத்தில்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பகுதிகள் மதுரைக் கிரானுலைட்டுத் தொகுதியில் அமைந்துள்ளன. பாலக்காடு–காவிரிப் பெயர்ச்சி வலயத்திற்கும் அச்சன்கோவில் பெயர்ச்சி வலயத்திற்கும் இடைப்பட்ட இத்தொகுதியின் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கடும் வெப்பத்தில் உருமாறியவை. சார்னோக்கைட்டுடன் நைசு, குவார்ட்சைட்டு, சுண்ணாம்புப் பாறைகளும் இங்கு உண்டு. பந்தல்குடிச் சுண்ணாம்புக்கல் சிமெண்ட் தயாரிப்புக்காக வெட்டி எடுக்கப்படுகிறது. சமவெளியின் பெரும்பகுதியைக் கரிசல் மூடியிருப்பதால், அடிப்பாறையைக் கல்குவாரிகளிலும் வெட்டிய கிணறுகளிலுமே நன்கு காணலாம்.

கரிசலின் கருமை இக்கனிமத்திலிருந்து வந்தது என்று கருதுவது சரியன்று. அது களிமண்ணோடு பிணைந்த கரிமப்பொருளால் ஏற்படுவது. உண்மையில் ஹைப்பர்ஸ்தீன் சிதையும்போது அதன் இரும்பு துருவாக மாறி, பாறையின் மேற்பரப்பில் செம்பழுப்புத் தோலாகப் படிகிறது. உள்ளே உடைத்துப் பார்த்தால் பாறை எண்ணெய்ப் பசை பூசியதுபோல் நீலச்சாம்பல் நிறத்தில் இருக்கும்.

கனிமத்தில் நீர் இல்லாமைக்கும் இவ்வட்டாரத்தின் மழைக்குறைவுக்கும் தொடர்பு இல்லை. ஆயினும் படிகங்கள் இறுகப் பிணைந்த இப்பாறையில் நீர் தங்கும் துளைகள் கிடையாது. சிதைந்த மேலடுக்கிலும் வெடிப்புகளிலும் மட்டுமே நிலத்தடி நீர் நிற்கும். அருகருகே தோண்டிய இரு கிணறுகளில் ஒன்றில் நீர் ஊறுவதும் மற்றொன்று வறண்டு கிடப்பதும் இதனாலேயே.