மான் காணாத நிறம்

இலக்கியக் கூட்டத்தில் வேட்டைக்காரரின் சட்டைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அந்தச் சட்டை நம்மை மகாபாரதம் வரை கூட்டிக்கொண்டு போகும்.

நவம்பர் மாதத்தில் விஸ்கான்சினிலோ ஒண்டாரியோவிலோ காட்டை ஒட்டிய சாலையில் போனவர்கள் இவர்களைப் பார்த்திருக்கலாம். கையில் துப்பாக்கி. உடம்பில் சாலைப் பணியாளர் போடுவது போல் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு மேற்சட்டை, தலையில் அதே நிறத் தொப்பி. மானுக்குத் தெரியாமல் பதுங்கப் போகிறவர் ஊருக்கே தெரிகிற நிறத்தை ஏன் உடுத்துகிறார்? சட்டம் அப்படி என்பது பாதி விடை. ஒண்டாரியோவில் துப்பாக்கி வேட்டைக் காலத்தில் இடுப்புக்கு மேலே குறைந்தது 2,580 சதுர சென்டிமீட்டர் ஆரஞ்சு, எல்லாப் பக்கமிருந்தும் தெரியும்படி இருக்க வேண்டும். மீதிப் பாதி மானின் கண்ணில் இருக்கிறது.

நம் விழித்திரையில் நிறம் அறியும் கூம்புச் செல்கள் மூன்று வகை. மானுக்கு இரண்டே வகை. 1990களின் தொடக்கத்தில் ஜே நைட்ஸ், ஜெரால்டு ஜேக்கப்ஸ், கார்ல் மில்லர் முதலான ஆய்வாளர்கள் வெள்ளைவால் மான்களின் கண்ணில் இதை நேரடியாக அளந்தார்கள். ஒரு வகைச் செல் 450 நானோமீட்டரை ஒட்டிய நீலத்துக்கும், இன்னொன்று 537 நானோமீட்டரை ஒட்டிய பச்சைக்கும் அதிகமாகத் துலங்குகிறது. ஆரஞ்சையும் சிவப்பையும் பச்சையிலிருந்து பிரித்துக் காட்டும் மூன்றாவது வகை அதற்கு இல்லை. வேட்டைச் சட்டையின் ஆரஞ்சு 600 நானோமீட்டர் அருகில் இருப்பதால், மானுக்கு அது காய்ந்த இலைகளோடு இலையாகக் கலந்துவிடுகிறது.

இஷிஹாரா புள்ளிப் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே ஓர் எண் ஒளிந்திருக்கும். சிவப்பு-பச்சை நிறக்குருடு உள்ளவருக்கு அந்த எண் தெரியாது. மானின் நிலையும் ஏறக்குறைய அதுதான். புலியின் ரகசியமும் இதில்தான் இருக்கிறது. பாலூட்டிகளின் ரோமத்துக்குப் பச்சை நிறமி கிடையாது. ஆனால் ஆரஞ்சும் பச்சையும் ஒன்றாகத் தெரியும் மானின் முன்னால் புலிக்குப் பச்சை எதற்கு?

ஆக, ஆரஞ்சுச் சட்டை மானுக்காகப் போடுவதல்ல, இன்னொரு துப்பாக்கிக்காரருக்காகப் போடுவது. விஸ்கான்சினில் 1945இல் முதலில் சிவப்பைத்தான் கட்டாயமாக்கினார்கள். அந்தி மங்கியதும் நம் கண்ணுக்குச் சிவப்பு கறுத்துப்போகும். மான் அதிகம் நடமாடுவதோ அதிகாலையிலும் அந்தியிலும்தான். 1980இல் ஒளிரும் ஆரஞ்சுக்கு மாறினார்கள். அந்தத் துணி நம் கண்ணுக்கு எட்டாத புற ஊதாவையும் நீலத்தையும் உறிஞ்சி ஆரஞ்சாகத் திருப்பித் தருவதால் மங்கலிலும் துலங்கும். 2016இல் ஒளிரும் இளஞ்சிவப்பையும் அங்கே அனுமதித்தார்கள். பெண்களை வேட்டைக்கு ஈர்ப்பதற்காம்! பெண் வேட்டைக்காரர்கள் சிலருக்கே அது ரசிக்கவில்லை.

1988 நவம்பரில் மெய்ன் மாநிலத்தின் ஹெர்மனில், ஓர் இளம் தாய் தன் வீட்டின் பின்புறம் நின்றிருந்தபோது வேட்டைக்காரர் ஒருவரின் குண்டுக்குப் பலியானார். அவர் கையில் வெள்ளைக் கையுறை. வெள்ளைவால் மான் மிரண்டு ஓடும்போது வாலைத் தூக்கும், அடிப்பகுதி வெள்ளைக்கொடி போல் தெரியும். அந்தக் கொடியைக் கண்டதாகத்தான் சுட்டவர் சொன்னார். வழக்கு நடந்தது, அவர் விடுதலையானார். நவம்பரில் வெள்ளைக் கையுறையோடு வெளியே வரலாமா என்று இறந்தவரையே குறை சொன்னவர்களும் இருந்தார்கள். சொந்த வீட்டுக் கொல்லையில் நிற்பதற்கு என்ன உடை விதி என்று எனக்குப் புரியவில்லை.

மௌசல பருவத்தில் ஜரன் என்னும் வேடன், படுத்திருந்த கண்ணனை மான் என்று நினைத்துத்தானே அம்பு எய்கிறான்? மானைத் தேடிப் போகிறவனுக்கு அசைவதெல்லாம் மான். செவிலியர் பயிற்சியில் மருந்தின் லேபிளை எடுக்கும்போது ஒருமுறை, அளக்கும்போது ஒருமுறை, திருப்பி வைக்கும்போது ஒருமுறை படிக்கச் சொல்லித் தருவார்கள். கண் எழுத்தைப் படிப்பதற்குள் மனம் தான் எதிர்பார்த்த பெயரைப் படித்துவிடும் என்பதால்தான் அந்த விதி. துப்பாக்கி பிடித்தவருக்கு மூன்று முறை பார்க்க நேரமில்லை. காட்டில் எந்த மிருகத்துக்கும் இல்லாத ஒரு நிறம் அவர் மனத்தை உலுக்கி நிறுத்த வேண்டியிருக்கிறது.

சரி, மான் எந்த நிறத்தைப் பார்த்து மிரளும்? நீலத்தை. ஆரஞ்சு மேற்சட்டையோடு நீல ஜீன்ஸ் போட்டுப் போனால் சட்டை மறையும், கால்கள் காட்டிக்கொடுக்கும். நம் விழிவில்லை புற ஊதாவைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. கண்புரைக்காக வில்லையை எடுத்துவிட்டு, செயற்கை வில்லை பொருத்தாமல் விடப்பட்ட அந்தக்கால நோயாளிகளில் சிலர் புற ஊதாவை வெளிறிய நீலமாகப் பார்த்திருக்கிறார்கள். மானின் வில்லையோ அதை உள்ளே விடுகிறது. சலவைத்தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் ரசாயனம், நம் வீடுகளில் வேட்டிக்கு நீலம் போட்டதன் நவீன வடிவம், புற ஊதாவை வாங்கி நீலமாக ஒளிரும். இலை வரைந்த விலையுயர்ந்த உருமறைப்பு உடையை அந்தத் தூளில் துவைத்தால் மங்கிய வெளிச்சத்தில் மானுக்கு அது பளிச்சென்று தெரியக்கூடும். அதனால்தான் வேட்டைக் கடைகளில் வெண்மைப்பொருள் சேராத சலவைத்தூள் தனியாக விற்கிறது.

இந்தக் கணக்கு வான்கோழியிடம் செல்லாது. பறவைகளுக்கு நான்கு வகைக் கூம்புகள் இருப்பதால் ஆரஞ்சு அதற்கு நன்றாகவே தெரியும். எனவே வான்கோழி வேட்டைக்காரர் முகம்வரை உருமறைப்பில் மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். பெட்டையைப் போலக் குரல் கொடுத்துச் சேவலை அழைப்பார். அதே குரலைக் கேட்டு இன்னொரு வேட்டைக்காரரும் வரலாம். ஆகவே சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் உள்ளாடையிலும் காலுறையிலும்கூட வேண்டாம் என்கிறது பாதுகாப்புப் பயிற்சி. சேவலின் தலையில் இருப்பவை அந்த மூன்று நிறங்கள். கொன்ற பறவையைத் தோளில் போட்டுத் திரும்பும்போதுதான் அவர் பையிலிருந்து ஆரஞ்சுத் துணி வெளியே வரும், பறவையின் மேல் சுற்றுவதற்கு.