பழைய ஃபோர் வீல் வண்டி: வாங்கும் முன்பும் வாங்கிய பிறகும்



நம் இயக்கக் கூட்டத்துக்குப் போனால், உரத்தைப் பற்றி என்னிடம் கேட்கிறவர்களைவிட வாசலில் நிற்கும் வண்டியைப் பற்றிக் கேட்கிறவர்கள்தான் அதிகம். "பேங்க் சார், இந்த மாதிரி ஃபோர் வீல் ஒண்ணு பழசா கெடைச்சா சொல்லுங்க" என்பார்கள், புதிதாக நிலம் வாங்கிய தம்பிகள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொன்ன பதிலை எல்லாருக்கும் பொதுவாக எழுதிவிடலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

என் நிலம் கெலமங்கலத்துக்குப் பக்கத்தில், தார் ரோட்டிலிருந்து 2 கிலோமீட்டர் உள்ளே. 5 ஏக்கர். ராகி, அவரை, தக்காளி, கொஞ்சம் மா, நாலு மாடு. அந்த 2 கிலோமீட்டரும் செம்மண் பாதை, நடுவில் ஒரு ஓடை. கோடையில் சைக்கிளிலேயே போகலாம். ஐப்பசி மழையில் டிராக்டரைத் தவிர வேறு எதுவும் போகாது. 34 வருடம் வங்கியில் வேலை பார்த்துவிட்டு 2018-ல் ஓய்வு பெற்றேன். மறு வருடம் ஒரு பழைய மஹிந்திரா பொலேரோ வாங்கினேன். 2007 மாடல், டீசல், நாலு சக்கரமும் இழுக்கும் வகை.

இந்த மாதிரி வண்டிகள் நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. மஹிந்திரா நிறுவனம் 1947-லேயே வில்லீஸ் ஜீப்புகளை இங்கே பூட்டி விற்க ஆரம்பித்தது. டாடா சஃபாரி 1998-ல் வந்தது, பொலேரோ 2000-ல் வந்தது. அடியில் கனமான இரும்புச் சட்டம், அதாவது சேசிஸ், மேலே தனியாக உடல். அதனால்தான் 20 வருடம் ஆன பிறகும் இவற்றைப் பிரித்து, சரிசெய்து, திரும்ப ஓட்ட முடிகிறது.

அந்த இருபது நிமிஷம்

2021 ஐப்பசி. ராத்திரி பத்தரை மணி, நல்ல மழை. பக்கத்து நிலத்துக்காரர் வீட்டுப் பையனைக் கட்டுவிரியன் கடித்துவிட்டது. 108-க்குச் சொல்லியாச்சு. ஆனால் ஓடையைத் தாண்டி ஆம்புலன்ஸ் உள்ளே வர வழியில்லை, தார் ரோடு வரை நாம்தான் கொண்டுபோகணும். பையனைப் பின் சீட்டில் படுக்கவைத்துக் கிளம்பினேன்.

ஓடைக்கரையில் இறங்கி முன்சக்கர ஹப்பைத் திருப்பினேன். திரும்பவில்லை. எட்டு மாதமாக நான் அதைத் தொட்டதே கிடையாது. சேறும் துருவும் சேர்ந்து இறுகிப் போயிருந்தது. இரண்டு சக்கரத்தில் ஏற்றிப் பார்த்தேன். பின்சக்கரம் சுற்றிச் சுற்றிக் குழி பறித்ததுதான் மிச்சம். கடைசியில் டிராக்டர் வந்து இழுத்துவிட்டது. 20 நிமிஷம் போச்சு.

பையன் பிழைத்துக்கொண்டான். அரசு மருத்துவமனையில் விஷமுறிவு ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். ஆனாலும் அந்த 20 நிமிஷத்தை நான் இன்னும் மறக்கவில்லை. மறுநாள் மெக்கானிக் ஹப்பைக் கழற்றிக் காட்டிச் சொன்னார்: "வண்டி மேல தப்பு இல்ல சார். உபயோகம் பண்ணாம வெச்சது தப்பு."

ஃபோர் வீல் வைத்திருப்பது வேறு, அது வேலை செய்யும் நிலையில் வைத்திருப்பது வேறு. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இதுதான்.

நாலு சக்கரம் எப்படி இழுக்கிறது?

என் வண்டியில் கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன லீவர் இருக்கும். 2H என்றால் பின்சக்கரம் மட்டும் இழுக்கும். 4H என்றால் நாலும் இழுக்கும். 4L என்றால் நாலும் இழுக்கும், ஆனால் வேகம் குறைந்து இழுவிசை கூடும். ஓடைக்கரை ஏறவும், பாரத்தோடு சரிவில் இறங்கவும் 4L. வண்டியை நிறுத்திவிட்டுத்தான் 4L போடணும். சில வண்டிகளில் முன் ஹப் தானே பூட்டிக்கொள்ளும், சிலவற்றில் இறங்கிக் கையால் திருப்பணும். என்னுடையது இரண்டாவது வகை. ஹப் பூட்டாமல் லீவரை மட்டும் போட்டால் முன்சக்கரத்துக்கு இழுவை போகாது.

காய்ந்த தார் ரோட்டில் 4H போட்டு ஓட்டவே கூடாது. ஏன் என்று ஏர் ஓட்டியவர்களுக்குச் சுலபமாகப் புரியும். ஏரைத் திருப்பும்போது வெளி மாடு அதிகம் நடக்கும், உள் மாடு கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே திரும்பும். அப்படித்தான் வளைவில் முன்சக்கரங்கள் பெரிய வட்டம் போடும், பின்சக்கரங்கள் சின்ன வட்டம் போடும். 4H-ல் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டப்பட்டிருக்கும். சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். தார் ரோட்டில் வழுக்க முடியாது. அந்த முறுக்கு எல்லாம் கிராஸ், கியர்ப் பெட்டி, டயர் மேல் இறங்கும். புதுசாக வாங்கியவர்கள் பெரிய செலவு வைத்துக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, மழையோ வெயிலோ, ஹப்பைப் பூட்டி மண் பாதையில் 2 கிலோமீட்டர் 4H-லும், கொஞ்ச தூரம் 4L-லும் ஓட்டுகிறேன். உள்ளே இருக்கும் ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும், லீவர் இறுகாது. பிறகு ஹப்பைத் திறந்துவிடுகிறேன். செலவு கால் மணி நேரம்.

ஐந்து இடத்து ஆயில்

சாதாரண காரை விட இதில் ஆயில் இடங்கள் அதிகம். இன்ஜின், கியர்ப் பெட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரென்ஷியல், பின் டிஃபரென்ஷியல். இன்ஜின் ஆயிலை எல்லாரும் மாற்றுகிறார்கள், மற்ற நாலையும் மறந்துவிடுகிறார்கள்.

ஓடையில் தண்ணீர் அச்சு அளவு வந்து அதில் வண்டி இறங்கினால், அந்த வாரமே டிஃபரென்ஷியல் ஆயிலைப் பாருங்கள். சூடான இரும்புக் கூடு குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கும். மூச்சுக்குழாய் சேற்றில் அடைத்திருந்தாலோ, சீல் தேய்ந்திருந்தாலோ, தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். உடனே மாற்றணும். விட்டால் பேரிங் போகும். எந்தப் பெட்டிக்கு எந்தத் தரம் என்பதை வண்டியின் கையேட்டில் பார்த்து அதையே ஊற்றுங்கள். டிஃபரென்ஷியலுக்கான ஆயிலைக் கியர்ப் பெட்டியில் ஊற்றினால், உள்ளே இருக்கும் பித்தளை வளையங்களை அது அரிக்கலாம்.

கிரீஸ் கன் ஒன்று சொந்தமாக வாங்கி வையுங்கள். நிப்பிளில் ஒட்டிய சேற்றைத் துடைத்துவிட்டு, பழைய கிரீஸ் வெளியே தள்ளி வரும் வரை அடிக்கணும். துடைக்காமல் அடித்தால் மண்ணையும் சேர்த்து உள்ளே தள்ளுகிறோம். மழைக்காலத்தில் மாதம் ஒரு தரம் போதும்.

நம் தொழிலுக்கே உரிய சில தொந்தரவுகள்

தொழு உரம், கோமியம், பஞ்சகவ்யம், ஜீவாமிர்தக் கேன் எல்லாம் நாம் வண்டியில்தான் ஏற்றுகிறோம். கோமியத்தில் உப்பும் யூரியாவும் இருக்கிறது. பயிருக்கு நல்லது, இரும்புக்கு எமன். என் வண்டியில் பின் தரை ஓட்டை விழுந்தது மழையால் இல்லை, மூடி சரியாகப் போடாத ஒரு கேனால். தார்ப்பாய் விரித்து ஏற்றுங்கள், அன்றைக்கே கழுவுங்கள். அடிப்பக்கம், முக்கியமாக ஸ்பிரிங் பட்டை சேசிஸில் சேரும் இடத்தில், சேறு காய விடாதீர்கள். துரு அங்கேதான் தொடங்கும். ராகி அறுப்புக் காலத்தில் தூசியும் உமியும் ரேடியேட்டர் முன்னால் அடைத்துக்கொள்ளும். தண்ணீரைப் பின்பக்கமிருந்து முன்பக்கமாக மெதுவாகப் பீய்ச்சினால் வந்துவிடும்.

நாலு டயரும் ஒரே அளவு, கிட்டத்தட்ட ஒரே தேய்மானம் இருக்கணும். இரண்டு புதுசு, இரண்டு மொட்டை என்றால் 4H-ல் மறுபடியும் அதே முறுக்குத்தான். பழைய டயர் வாங்கும்போது பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது.

இன்னொரு முக்கியமான விஷயம், கழிவு ஆயில். ஒரு தரம் மாற்றினால் ஐந்தாறு லிட்டர் வரும். நம் பக்கத்தில் அதை வேலிக் கம்பத்துக்குக் கரையான் மருந்தாகப் பூசுவார்கள், மிச்சத்தை வரப்பில் ஊற்றுவார்கள். அதில் தேய்ந்த உலோகத் துகளும் எரிந்த எண்ணெயின் நச்சும் இருக்கிறது. மழை பெய்தால் மண்ணுக்குள்ளும் கிணற்றுக்குள்ளும் போகும். 2016-ஆம் வருட அபாயக் கழிவு விதிகளிலும் பயன்படுத்திய ஆயில் இருக்கிறது. ரசாயன உரம் ஒரு பிடி போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு இதை நிலத்தில் ஊற்றினால் என்ன அர்த்தம்? நான் கேனில் சேர்த்து, பதிவுபெற்ற மறுசுழற்சிக்காரருக்குக் கொடுக்கும் ஒர்க் ஷாப்பில் ஒப்படைக்கிறேன்.

காகிதம் பார்த்தேனா?

இதில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லியே ஆகணும். வண்டிக் கடன் கட்டி முடித்த எத்தனையோ பேரிடம், "ஃபாரம் 35 வாங்கி ஆர்.சி.யில் கடன் பதிவை நீக்குங்க" என்று சொல்லியே 34 வருடம் ஓட்டியவன் நான். என் வண்டியை வாங்கும்போது ஆர்.சி.யில் ஒரு நிதி நிறுவனத்தின் பேர் இருந்ததைக் கவனிக்கவில்லை. விற்றவர் கடன் முடிந்தது என்றார், நம்பிப் பணம் கொடுத்தேன். கடன் முடிந்ததும் உண்மைதான். ஆனால் அந்தக் காகிதம் கைக்கு வர மூன்று மாதம் ஆனது. அதுவரை வண்டி என் பேருக்கு மாறவில்லை.

நாம் இருப்பது எல்லையில். பெங்களூரில் மலிவாகக் கிடைக்கிறது என்று கர்நாடகப் பதிவு வண்டியை வாங்குகிறார்கள். அங்கிருந்து என்.ஓ.சி. வாங்கணும், இங்கே மறுபதிவு செய்யணும், தமிழ்நாட்டு வாழ்நாள் வரி கட்டணும். 12 மாதத்துக்கு மேல் வெளி மாநில எண்ணிலேயே ஓட்ட சட்டத்தில் இடமில்லை. இந்தச் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள்.

சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடம். பிறகு 5 வருடத்துக்கு ஒரு முறை சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்கணும். 2022 ஏப்ரலில் கார், ஜீப்புக்கான புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய் ஆனது. 20 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ஆனது. பசுமை வரி தனி.

கணக்கு

என் நோட்டில் 2025-ஆம் வருடக் கணக்கு இது. ஓட்டம் 6,200 கிலோமீட்டர். டீசல் 610 லிட்டர், சுமார் 57,000 ரூபாய். ரிப்பேர், ஆயில், உதிரி பாகம் 38,000. இன்சூரன்ஸ், புகைச் சான்று, சில்லறை 11,000. மொத்தம் 1,06,000. கிலோமீட்டருக்கு 17 ரூபாய். வாங்கின பணத்தை இதில் சேர்க்கவில்லை.

இதில் ரிப்பேர் செலவு இந்த அளவோடு நிற்கிறது என்றால் காரணம் நம்ம இடம். ஓசூரில் தொழிற்சாலைகளை நம்பி நூற்றுக்கணக்கான லேத் பட்டறைகள் இருக்கின்றன. கடையில் கிடைக்காத புஷ்ஷை அளவு எடுத்துக் கடைந்து கொடுத்துவிடுகிறார்கள். உதிரி பாகத்துக்கு பெங்களூர் ஜே.சி. ரோடு இருக்கிறது. வேறு ஊர்க்காரர்கள் முதலில் பக்கத்தில் யார் சரிசெய்வார்கள் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பணக் கணக்கு மட்டும் போதாது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வரும். என் 610 லிட்டருக்கு 1.6 டன். இயற்கை விவசாயி என்று சொல்லிக்கொள்கிறவன் இதையும் நோட்டில் எழுதணும். அதனால் இப்போது தக்காளியை ராயக்கோட்டை மார்க்கெட்டுக்கு நான் தனியாகக் கொண்டுபோவதில்லை. மூன்று பேர் சேர்ந்து வாடகை வண்டியில் அனுப்புகிறோம். என் வண்டி ஓடையைத் தாண்டித் தார் ரோடு வரை பெட்டிகளைச் சேர்க்கும், அவ்வளவுதான்.

வாங்கலாமா?

வருடத்தில் எத்தனை நாள் உங்கள் பாதை அடைபடுகிறது என்று எண்ணுங்கள். பத்து நாளுக்குள் என்றால் வேண்டாம், அந்தப் பணத்தில் பாதைக்குச் சரளை கொட்டுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் என்றால் யோசிக்கலாம். முடிந்தால் பக்கத்து நிலத்துக்காரரோடு சேர்ந்து வாங்குங்கள். வாங்கும்போது தார் ரோட்டில் ஓட்டிப் பார்த்துத் திருப்திப்படாமல், மண்ணில் 4H, 4L இரண்டும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அடியில் படுத்து சேசிஸைப் பாருங்கள். சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிட்டு, கடன் பதிவு இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் படியுங்கள்.

2027-ல் என் வண்டிக்கு 20 வருடம். புதுப்பிப்புக்குப் பத்தாயிரம் எடுத்துவைத்திருக்கிறேன். கிலோமீட்டருக்கு 17 ரூபாய் என்பது நஷ்டக் கணக்குதான், வங்கியில் இருந்தபோது யாராவது இதற்குக் கடன் கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். ஆனாலும் ஓடையில் தண்ணீர் வரும் மாதங்களில் அந்தக் கரையில் ஏழு குடும்பம் இருக்கிறது. வீட்டுக் காலண்டரில் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமையில் 'ஹப்' என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறேன். உங்களிடம் ஃபோர் வீல் இருந்தால் இன்றைக்கே ஒரு தரம் இறங்கித் திருப்பிப் பாருங்கள்.