பெற்றோரின் தொழிலறிவும் தமிழ்ப்பள்ளி வகுப்பறையும்

முன்னுரை

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் பெற்றோரின் பங்கு பெரும்பாலும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம், துப்புரவுப் பணி, நிதி திரட்டல், தேர்ச்சி அறிக்கையில் கையொப்பம் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. பாடவேளையில் பாடப்பொருளோடு பெற்றோர் வகுப்பறைக்குள் வருவது அரிது. அவ்வாறு அழைக்கும்போதும் மருத்துவர், வழக்கறிஞர், பொறியியலாளர் ஆகியோரையே ஊக்கவுரைக்கு அழைப்பது வழக்கமாகிவிடுகிறது. ஏனைய தொழில் செய்வோரின் பிள்ளைகள் இதனால், ‘நம் வீட்டில் கற்பிக்கத்தக்க அறிவு இல்லை’ என்னும் பிழையான பாடத்தையும் கற்றுக்கொள்ளக்கூடும். பெற்றோரின் பதவியை அன்று, தொழிலுக்குள் பொதிந்துள்ள அறிவையே பாடமாக்க வேண்டும் என்னும் கருத்தை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

அறிவு வளங்கள்

இக்கருத்திற்கு ஆய்வு அடிப்படை உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டூசான் நகரில் உழைக்கும் மெக்சிகோ வழியினர் வாழும் இல்லங்களுக்கு ஆசிரியர்களே சென்று, அக்குடும்பங்களின் தொழிலையும் பழக்கங்களையும் கேட்டறிந்தனர். அவ்வில்லங்களில் அவர்கள் கண்டவற்றை லூயிஸ் மோல், கேத்தி அமண்டி, டெபோரா நெஃப், நோர்மா கொன்சாலெஸ் ஆகிய நால்வரும் 1992இல் வெளியிட்ட கட்டுரையில் ‘அறிவு வளங்கள்’ எனப் பெயரிட்டு விளக்கினர். அங்கு ஒரு மாணவனின் வகுப்புக்கு வந்த பெற்றோர் ஒருவர் மெக்சிகோ இனிப்பு வகை ஒன்றைச் செய்துகாட்டினார். அச்செயல் உட்பொருள், உணவுச்சத்து ஆகியன பற்றிய பாடமாக விரிந்தது. சமையலறையின் அறிவு அங்கே கல்வியறிவாக ஏற்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

பால்மரம் தரும் பாடம்

நம் சூழலுக்குப் பால்மரம் வெட்டும் தொழிலைச் சான்றாகக் கொள்ளலாம். அத்தொழிலில் பழகிய தாயோ பாட்டியோ வகுப்பில் சொல்லும் ஒவ்வொரு செய்திக்குப் பின்னும் ஒரு காரணம் உண்டு. விடியுமுன் வெட்டுவதேன்? வெயில் ஏறினால் இலைகள் நீரை மிகுதியாக இழக்கும். பட்டைக்குள் அழுத்தம் குறைந்து பால் வடிதல் தளரும். வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் ஏறத்தாழ 30 பாகை சரிவதேன்? பால்குழாய்கள் சற்றே வலமாகச் சாய்ந்து மேலேறுவதால் அவ்வெட்டே மிகுதியான குழாய்களைத் திறக்கும். உளி ஆழமாகப் பாயக்கூடாது என்பதேன்? பட்டையைப் புதுப்பிக்கும் மெல்லிய வளர்திசு காயமுறும். அறிவியலும் கோணக் கணக்கும் இங்கே ஒருங்கே அமைந்துள்ளன. லோரி ஓட்டுநரிடம் தொலைவும் நேரமும் எடையும், தையற்காரரிடம் அளவையும் வடிவமும், தாதியிடம் வெப்பநிலையும் துப்புரவும் இவ்வாறே பாடமாகும்.

செயற்படுத்தும் முறை

பெற்றோர் வருகைக்குமுன் ஆசிரியர் அவரோடு உரையாடி, ஒரு வேலை, ஒரு கருவி, ஒரு சிக்கல் என்ற அளவில் பொருளைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். மாணவர்கள் வினாக்களை முன்னரே எழுதிவைத்தல் நன்று. தலைமையாசிரியரின் இசைவும், கூரிய கருவிகள் பற்றிய பாதுகாப்பும் இன்றியமையாதன. வகுப்பில் நீண்ட உரையைத் தவிர்த்து, 20 நிமிடச் செய்துகாட்டலும் வினாவிடையும் அமையலாம். பின்னர்க் கணக்கிடல், செய்முறையை வரிசைப்படுத்தி எழுதல், நன்றிக் கடிதம் வரைதல் ஆகிய பயிற்சிகள் தொடர வேண்டும். இவையின்றேல் வருகை வெறும் நிகழ்ச்சியாகவே முடியும்.

மொழிக்கூறும் இங்கு முதன்மையானது. தொழிற்களத்தில் மலாய்ச் சொற்களும் ஆங்கிலச் சொற்களும் மிகுதியாகப் புழங்குகின்றன. பெற்றோரின் பேச்சை இடையிடையே திருத்துவது அவரைக் கூசச்செய்யும். அவர் சொற்களை அப்படியே பலகையில் எழுதி, அருகே தமிழ்க் கலைச்சொல்லை மாணவரைக் கொண்டே கண்டுபிடிக்கச் செய்யலாம். மங்கு, ஒட்டுப்பால் போன்ற தோட்டப்புறச் சொற்கள் திருத்தப்பட வேண்டியவை அல்ல, பதிவுசெய்யப்பட வேண்டியவை.

நாட்கூலி பெறுவோருக்கு ஒரு நாள் விடுப்பு வருமான இழப்பாகும். அவர்தம் ஓய்வு நாளில் பள்ளி நிகழ்ச்சி இருப்பின் அன்று அழைக்கலாம். அல்லது பணியிடத்து ஒளிப்பதிவைப் பயன்படுத்தலாம். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காகப் பாதுகாவலரையும் தாத்தா பாட்டியையும் சேர்த்துக்கொள்வதோடு, எவரையும் கட்டாயப்படுத்தாதிருத்தலும் வேண்டும்.

முடிவுரை

இம்முயற்சிக்குப் பெரும் செலவில்லை. ஆசிரியரின் முன்னேற்பாடும் மதிப்பும் போதும். தம் தாய் தந்தையரின் உழைப்பில் கணிதமும் அறிவியலும் இருப்பதைத் தமிழ்வழியே காணும் மாணவர், இல்லத்தையும் பள்ளியையும் இருவேறு உலகங்களாகக் கருதார். தமிழ், பாடநூலின் மொழியாக மட்டுமன்றித் தொழிலின் மொழியாகவும் அவர்களிடம் நிலைபெற இது வழிவகுக்கும் எனலாம்.