புண் ஆறிவிட்டால் நோய் போய்விட்டதா? ‘சூடு’ என்று மறைக்கப்படும் பால்வினை நோய்கள்

சிறுநீர் போகும்போது எரிகிறது. உள்ளாடையில் சீழ் மாதிரி கறை படிகிறது. நம்ம ஆட்கள் என்ன செய்கிறார்கள்? காலையில் 2 இளநீர், மதியம் மோர், ராத்திரி தொப்புளில் விளக்கெண்ணெய். “நைட் ஷிப்ட்டு பார்த்தேன், உடம்பு சூடாயிடுச்சு” என்று தனக்குத்தானே ஒரு சமாதானம்.

அதற்கும் அடங்காவிட்டால் தெருமுனை மெடிக்கல். கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போய், “அண்ணே, எரிச்சலுக்கு ஏதாவது மாத்திரை கொடுங்க” என்று கேட்டு வாங்கி விழுங்குகிறார்கள். 2 நாளில் எரிச்சல் குறைகிறது. ஆள் நிம்மதியாகி விடுகிறார். அதற்குள் வீட்டில் மனைவிக்கும் அந்தக் கிருமி போய்ச் சேர்ந்திருக்கும்.

தண்ணீர் சரியாகக் குடிக்காவிட்டாலும் எரிச்சல் வரும், அது உண்மைதான். ஆனால் சூட்டினால் சீழ் வடியாது. சீழ் வடிந்தால் அது கிருமியின் வேலை.

எய்ட்ஸ் என்றால் நம் ஊரில் சின்னப் பையனுக்குக்கூட தெரியும். இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே 1986-ம் ஆண்டு சென்னையில்தான். 2000-க்குப் பிறகு சுவருக்குச் சுவர் ‘புள்ளிராஜா’ விளம்பரம் வந்ததும் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் அதே வழியில் வரும் மற்ற நோய்களைப் பற்றி யாரும் வாய் திறப்பது இல்லை. கிளமிடியா, வெட்டை, கிரந்தி, டிரைக்கோமோனஸ் என்ற 4 நோய்கள் மட்டும் 2020-ம் ஆண்டில் உலகம் முழுவதும் 37 கோடியே 40 லட்சம் தடவை புதிதாகத் தொற்றியதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. இந்த 4 நோயுமே மருந்தில் அடியோடு குணமாகக் கூடியவை என்பது குறிப்பிடத்தக்கது.

வலியே இல்லாத புண்

இதில் ரொம்ப தந்திரமானது கிரந்தி. பறங்கிப்புண் என்றும் சொல்வார்கள். டாக்டர்கள் சிபிலிஸ் என்பார்கள்.

உறவு வைத்து சுமார் 3 வாரத்தில், சிலருக்கு 10 நாளில், சிலருக்கு 3 மாதம் கழித்து, பிறப்பு உறுப்பில் ஒரு புண் வரும். வலிக்காது. அரிக்காது. பெண்களுக்கு உள்ளே வந்தால் கண்ணுக்கே தெரியாது. எந்த மருந்தும் போடாமலே 3 முதல் 6 வாரத்தில் அந்தப் புண் தானாக ஆறிவிடும்.

ஏமாறுவது இங்கேதான். “களிம்பு தடவினேன், சரியாப் போச்சு” என்று நினைப்பார்கள். களிம்பு தடவாவிட்டாலும் ஆறியிருக்கும். கிருமி ரத்தத்தில் இறங்கிவிட்டது என்பதுதான் விஷயம். சில வாரம் கழித்து உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்பு வரலாம். காய்ச்சல், முடி கொட்டுதல் இருக்கலாம். அதுவும் தானாக மறையும். பிறகு வருடக்கணக்கில் ஒரு அறிகுறியும் இருக்காது. சிலருக்கு 10, 20 வருடம் கழித்து இதயம், மூளை, கண் என்று தாக்கும்.

ஆரம்பத்தில் வந்தால் இதற்கு மருந்து என்ன தெரியுமா? பெரும்பாலும் பென்சாத்தின் பென்சிலின் ஊசி ஒரே ஒரு வேளை. பழைய மருந்து, விலையும் குறைவு. இன்றைக்கும் இந்த நோய்க்கு இதுதான் முதல் மருந்து. ஒத்துக்கொள்ளுமா என்று பார்த்துத்தான் போடுவார்கள் என்பதால் ஆஸ்பத்திரியில் போடுவதே நல்லது.

வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து

கர்ப்பிணிக்கு கிரந்தி இருந்து கவனிக்காமல் விட்டால் கரு கலையலாம், குழந்தை இறந்து பிறக்கலாம், நோயோடு பிறக்கலாம். “எத்தனையோ கோவிலுக்குப் போயாச்சு, பிள்ளை தங்க மாட்டேங்குது” என்று மருமகளைக் கரித்துக் கொட்டும் வீடுகள் உண்டு. கரு தங்காததற்குப் பல காரணம் இருக்கலாம். ஆனால் மகனுக்கு எப்போதோ ஆறிப்போன புண்கூட காரணமாக இருக்கலாம் என்று அந்த மாமியாருக்கு யாரும் சொல்வதில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு ரத்தம் எடுக்கும்போது எச்.ஐ.வி.யோடு கிரந்திக்கும் சேர்த்துப் பார்ப்பது இதற்காகத்தான். தெரிந்தவுடன் தாய்க்கு பென்சிலின் போட்டால் வயிற்றில் உள்ள பிள்ளைக்கும் சேர்த்தே வைத்தியம் ஆகிறது. எனவே முதல் 3 மாதத்திலேயே பதிவு செய்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

பெண்களுக்கு சத்தமே இல்லாமல் வரும்

வெட்டை நோய் ஆணுக்கு சில நாளிலேயே சீழும் எரிச்சலுமாக காட்டிக் கொடுத்துவிடும். பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ஒன்றும் தெரியாது. கிளமிடியா இன்னும் மோசம், ஆண், பெண் இரண்டு பேருக்குமே பெரும்பாலும் அறிகுறி இருக்காது. உள்ளேயே இருந்து கருக்குழாயை அடைத்து, குழந்தையின்மை வரை கொண்டுபோய் விடும். அடிவயிறு வலி, நாற்றத்துடன் மஞ்சள் அல்லது பச்சை நிறத்தில் வெள்ளைப்படுதல், உறவின்போது வலி இருந்தால் சும்மா இருக்கக்கூடாது.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. எல்லா வெள்ளைப்படுதலும் பால்வினை நோய் அல்ல. உடம்பில் சாதாரணமாக இருக்கும் பூஞ்சைக் கிருமி பெருகினாலும் அரிப்பு, வெள்ளைப்படுதல் வரும். அதைப் பார்த்து மனைவி மேல் சந்தேகப்படுவது அநியாயம். அதேபோல கிளமிடியா மாதக்கணக்கில் பதுங்கி இருக்கும் என்பதால் யாரிடம் இருந்து யாருக்கு வந்தது என்று ரத்தத்தைப் பார்த்து சொல்லிவிட முடியாது. பஞ்சாயத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், முதலில் வைத்தியம்.

இரண்டு பேரும் சேர்ந்து மருந்து எடுக்க வேண்டும். கணவர் மட்டும் மாத்திரை சாப்பிட்டால் மனைவியிடம் இருந்து திரும்பவும் அவருக்கே வரும். மருந்து முடிந்து டாக்டர் சொல்லும்வரை, குறைந்தது ஒரு வாரம், உறவு கூடாது. மெடிக்கலில் வாங்கிய மாத்திரையை பாதியில் நிறுத்தினால் இன்னொரு வினையும் இருக்கிறது. வெட்டைக் கிருமிக்கு ஒரு காலத்தில் பென்சிலின் கேட்டது, பிறகு சிப்ரோபிளாக்சசின் கேட்டது. இப்போது இரண்டையும் தாண்டி கிருமி பழகிவிட்டது.

லாட்ஜ் வைத்தியர்கள்

பஸ் நிலைய கழிப்பறை சுவரைப் பார்த்தால் தெரியும். ‘வெட்டை, மேகநோய், ஆண்மைக்குறைவு, ஒரே வாரத்தில் குணம்’ என்று நோட்டீஸ். மாதம் ஒரு நாள் லாட்ஜில் ரூம் போட்டு லேகியம் விற்பார்கள். பால்வினை நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கிறது, நோட்டீசும் இருக்கிறது!

லேகியம் சாப்பிடும் நாட்களில் கிரந்திப் புண் தானாக ஆறுவதால் வைத்தியருக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. நோயாளிக்கு பணமும் போய், நோயும் உள்ளேயே தங்குகிறது.

குணமாகாதவையும் உண்டு

கொத்துக் கொத்தாக, வலியோடு கொப்புளம் வந்து போனால் ஹெர்பிஸ் ஆக இருக்கலாம். இது வைரஸ். மாத்திரையில் அடங்கும், ஆனால் திரும்ப வரலாம். மரு உண்டாக்கும் எச்.பி.வி. வைரசில் சில வகை, பெண்களுக்கு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்குகிறது. இதற்கு 9 முதல் 14 வயதுக்குள் பெண் பிள்ளைகளுக்கு தடுப்பூசி போட்டால் நல்ல பலன் தரும். மஞ்சள் காமாலை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி-க்கும் தடுப்பூசி உண்டு.

எச்.ஐ.வி.க்கு 2004-ம் ஆண்டு முதல் அரசு ஆஸ்பத்திரிகளில் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து இலவசம். தினமும் விடாமல் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி அளவு தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், உறவின் மூலம் அடுத்தவருக்குப் பரவாது. உறுப்பில் புண் இருந்தால் எச்.ஐ.வி. சுலபமாக நுழையும் என்பதால், புண் வந்தவர்கள் அதற்கும் சேர்த்து பரிசோதிக்க வேண்டும்.

ஒரே டம்ளரில் குடிப்பதாலோ, கொசு கடித்தோ எச்.ஐ.வி. வராது.

ஆணுறையிலும் கவனம்

ஆணுறை சரியாகப் போட்டால் எச்.ஐ.வி., வெட்டை, கிளமிடியா ஆகியவற்றில் இருந்து நல்ல பாதுகாப்பு. கிரந்தி, ஹெர்பிஸ், மரு ஆகியவை உறை மூடாத இடத்திலும் இருக்கலாம் என்பதால் அவற்றுக்குப் பாதுகாப்பு கொஞ்சம் குறைவு. அதற்காக போடாமல் இருக்கக்கூடாது.

மணிபர்சில் மாதக்கணக்கில் வைத்து உட்காருவது, வண்டியின் முன்பக்கம் வெயிலில் போட்டு வைப்பது இரண்டுமே தப்பு. ரப்பர் இற்றுப்போகும். தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் தடவினால் சீக்கிரம் கிழியும். ஒன்றின் மேல் ஒன்றாக 2 போடுவதும் தவறு. கருத்தடை மாத்திரை கர்ப்பத்தைத்தான் தடுக்கும், நோயைத் தடுக்காது.

எங்கே போவது?

மாவட்ட தலைமை ஆஸ்பத்திரி, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் பால்வினை நோய்க்கு ‘சுகவாழ்வு மையம்’ இருக்கிறது. எச்.ஐ.வி. பரிசோதனைக்கு ‘நம்பிக்கை மையம்’. இரண்டிலும் கட்டணம் இல்லை. எச்.ஐ.வி. சோதனையை சம்மதம் இல்லாமல் செய்யக்கூடாது, முடிவை வெளியே சொல்லக்கூடாது என்று 2017-ம் ஆண்டு சட்டமே இருக்கிறது. போனில் பேசி விவரம் கேட்க 1097 என்ற இலவச எண் உள்ளது.

ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் வரிசையில் தெரிந்தவர் நிற்கிறாரே என்று கூச்சமாக இருந்தால், “தோல் டாக்டரைப் பார்க்கணும்” என்று சொன்னாலே போதும். தோல் நோய்க்கும் பால்வினை நோய்க்கும் சேர்த்துப் படித்தவர்கள்தான் அவர்கள். உள்ளே போய் விஷயத்தைச் சொல்லிக்கொள்ளலாம்.